வரிசையின் முதல் தோட்டா

அல் ஐனில் இருக்கும் என் மகனுக்கு, தேராவிலிருந்து அப்பா எழுதுவது.

நீ டாக்ஸிக்காரரிடம் கொடுத்தனுப்பிய பெட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு வந்து சேர்ந்தது. ‘அப்பா, வீட்டிலேயே நானே அடைத்த தோட்டா. முதல் பெட்டி உங்களுக்கு’ என்று நீ வைத்திருந்த சீட்டைப் படித்ததும் உன் அம்மா பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கப் போனாள். நான் அதை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய் ஃபேனை நிறுத்தினேன். பக்கத்துத் தங்கக் கடையில் இரவல் வாங்கிய சின்னத் தராசை மேஜையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயைத் திறந்தேன். ஈயக் குண்டை ஒரு தட்டில் கொட்டி, தக்கையை உருவி, அடியில் இருந்த வெடிமருந்தை நிறுத்தேன். இருபத்தைந்தையும் நிறுத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. இருபது சரியாக இருந்தன. ஐந்தில் மருந்து கூடுதல். கொஞ்சநஞ்சக் கூடுதல் இல்லை. அந்த ஐந்தும் எங்கே இருந்தன என்று பார்த்தேன். பெட்டியில் ஐந்து வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முதல் தோட்டா.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் உனக்கு டெலிபோன் போட்டு, தோட்டா எதையும் வெளியே கொடுக்காதே, என் கடிதம் வரும் என்று சொன்னேன். நீ ஏன் என்று கேட்டாய். லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. ஏன் என்பதற்குப் பதில் சொல்ல ஐந்து வருஷமாக எனக்கு வாய் வரவில்லை. அது டெலிபோனில் வந்துவிடுமா? அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிற மகனுக்கு எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று உன் அம்மா கேட்கிறாள். நேரில் வந்தால் நீ எதிர்த்துப் பேசுவாய், நான் கோபப்படுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன்.

வருகிற வெள்ளிக்கிழமை சுல்தான் ஆறு பேருடன் மணல் காட்டுக்குள் கௌதாரி சுடப் போகிறான், உன் தோட்டா இருநூறு கேட்டிருக்கிறான், அடைத்தும் வைத்துவிட்டேன் என்று போன கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தாய். அவன் நம் அர்பாப், என் கடைக்கு ஸ்பான்சராக நிற்கிற முதலாளி சயீதின் மூத்த மகன். அவன் பெயரில்தான் உன் கடைக்கு லைசென்ஸ், துப்பாக்கிச் சாமானுக்கான போலீஸ் காகிதம், எல்லாம். அவன் கேட்டதை இல்லை என்று சொல்ல நீ தயங்குவாய். எனக்குத் தெரியும், உன் வயதில் அவனுடைய அப்பாவுக்கு நானும் அப்படித்தான் இருந்தேன். கணக்கைப் பார். இருபத்தைந்தில் ஐந்து என்றால் இருநூறில் நாற்பது. சுல்தானோடு சேர்த்து ஏழு பேர். நாற்பது தடவை யாரோ ஒருவர் முகத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு விசையை இழுக்கப் போகிறார்கள்.

நான் இதை ஆரம்பித்த கதையை ஒரு பாதிதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ அப்போது திருச்சியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாய். துறைமுகத்தில் கப்பல்கள் வாரக்கணக்கில் இடம் கிடைக்காமல் நின்ற காலம். தோட்டாப் பெட்டிகள் கப்பலிலேயே கிடக்கும். இங்கே அர்பாப் வேட்டைக்குப் போக முடியாமல் என் கடையில் உட்கார்ந்து புலம்புவார். அந்தச் சமயம் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் ஊருக்குத் திரும்புகிறார் என்று வீட்டுச் சாமான் விற்றார். நான் ஃப்ரிட்ஜ் பார்க்கப் போனேன். மூலையில் கைப்பிடி வைத்த ஒரு மெஷின் நின்றது. கேட்டதற்கு, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் தீப்பொறி கொடுக்கும் புதுக் கேப்பு வைத்து, மருந்தும் தக்கையும் குண்டும் போட்டு வாயை மடக்கித் தருவது என்றார். சுட்டுப் போட்ட கூடு மணலில் சும்மா கிடக்கிறது, குனிந்து பொறுக்கினால் அது சரக்கு என்று என் புத்தி அங்கேயே கணக்குப் போட்டுவிட்டது. ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த இன்ஜினீயர் ஒரு முழு நாள் உட்காரவைத்துக் காட்டித்தான் கொடுத்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சாத்தூர்க்காரனுக்கு மருந்தைப் பற்றி வெள்ளைக்காரன் சொல்லித் தர வேண்டுமா என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வெடிக்கட்டு. மருந்துக்குப் பயப்படுகிறவனை ஆண்பிள்ளை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஊரில் நான் பார்த்தது கருமருந்து. இது வேறு. கருமருந்தில் ஒரு சிட்டிகை கூடினால் புகையும் சத்தமும் கூடும், பெரும்பாலும் அத்தோடு போய்விடும். இந்த மருந்து ஒரு சிட்டிகை கூடினால் அது துப்பாக்கிக் குழலைத்தான் காவு கேட்கும். அதை அவர் மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் ‘யெஸ் சார்’ என்றேன்.

மெஷினில் மருந்தை அளந்து விடும் பட்டை தேய்ந்து போயிருந்தது. அதற்குப் பதிலாக அவர் ஒரு பித்தளைக் கரண்டி கொடுத்திருந்தார். அதில் முகந்து, மேலே அட்டையால் வழித்து, தலைதட்டிப் போட வேண்டும். என் கை அதைச் செய்ய மறுத்தது. நான் பத்து வயதிலிருந்து அரிசிக் கடையில் படி பிடித்தவன். நம் கடையில் படி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம். ‘லாபம்’ என்போம். அடுத்தது ‘ரெண்டு’. அந்த முதல் படியைத் தலைதட்டக் கூடாது. கோபுரமாகக் குவித்துப் போட வேண்டும். குறைத்துப் போட்டால் அன்றைக்கு வியாபாரம் விளங்காது என்று என் அப்பா கையில் அடித்தே பழக்கினார். தேரா சந்தையில் இரும்புச் சாமான் கடை வைத்து நான் நின்று பிடித்ததும் அந்தக் கையால்தான். மற்றவன் ஆணியை நிறுத்துக் கொடுப்பான், நான் நிறுத்துவிட்டு மேலே நான்கு ஆணி போடுவேன். இந்தக் கை எனக்குச் சோறு போட்டது. அதனால் அது தப்புச் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கூடுகளை ஐந்து ஐந்தாக மரத்தட்டில் நிறுத்தி வைத்து, கரண்டியால் மருந்து போட்டுக்கொண்டே போவேன். வாய் தானாக ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று சொல்லும். வரிசை மாறினால் மறுபடி லாபம். அடைத்து முடித்ததை அதே வரிசைப்படிதான் பெட்டியில் அடுக்குவேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தக்கை எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

“ஏங்க, இது அரிசி இல்லீங்க. யாருக்குக் கொசுறு போடுறீங்க?”

நான் சிரித்தேன். கொசுறு வாங்கி எவனும் செத்ததில்லை, நீ தக்கையை எடு என்றேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் அவள் என்ன செய்வாள்?

அர்பாபுக்கு என் தோட்டா ரொம்பப் பிடித்துப்போனது. கப்பலில் வருவது தூங்குமூஞ்சி, உன்னுடையதில் உயிர் இருக்கிறது என்று தோளைத் தேய்த்துக் காட்டிச் சொல்வார். சில தோட்டா மட்டும் கழுதைபோல் உதைக்கிறது என்று அவர் சொன்னபோது அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். சரக்கில் ஒன்று ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் இருந்தால் ஏதோ கோளாறு என்று சோப்பு வாங்கும்போதுகூடக் கண்டுபிடிக்கிறவன் நான். புகழ்ச்சி வந்தால் வியாபாரிக்கு மூக்கு அடைத்துவிடும், மகனே.

முராத் பாயை உனக்குத் தெரியும், நம் கோடவுன் வாட்ச்மேன். இடது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டும் இல்லாதவர். அவர் முதலில் அர்பாபின் டிரைவர் என்பதும் உனக்குத் தெரியும். துப்பாக்கி வெடித்து விரல் போயிற்று என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன் என்பதைச் சொல்லியிருக்கிறேனா என்று ஞாபகமில்லை. இருந்தேன். வேட்டை முடிந்து ஜமுக்காளம் விரித்துப் பழம் தின்றுகொண்டிருந்தோம். அர்பாப் நல்ல உற்சாகத்தில் இருந்தார். தன் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியை முராத் பாயிடம் கொடுத்து, “யல்லா முராத், நீயும் ஒண்ணு சுடு” என்றார். முராத் பாய் வெட்கப்பட்டார். நான்தான் என் பெட்டியைப் புதிதாகப் பிரித்து ஓரத்திலிருந்த தோட்டாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பெட்டியின் ஓரம் என்றால் வரிசையில் முதல். சத்தம் வேறு மாதிரி இருந்தது. அவர் கத்தவில்லை. இடது கையை நீட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அர்பாப் முடிவு செய்துவிட்டார்: துப்பாக்கி அவருடைய தகப்பனார் காலத்தது, குழலுக்குள் மணல் போயிருக்கும். போலீஸிலும் அதையே சொன்னார், கலாஸ், முடிந்தது. துப்பாக்கி பழசு என்பது பொய்யில்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. முழுப் பொய்யைச் சொல்ல நமக்குத் தைரியம் வராது. பாதி உண்மையைக் கையில் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க உட்கார்ந்துவிடலாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீதி இருபத்துநாலையும் திறந்து நிறுத்தேன். இரண்டாம் வரிசையின் முதல், மூன்றாம் வரிசையின் முதல், நான்கு, ஐந்து. நான்கு வரிசையிலும் முதலில் மட்டும் கூடுதல். முதல் வரிசையின் முதல் தோட்டாதான் அங்கே இல்லை.

உன் அம்மா கதவருகில் நின்று பார்த்தாள்.  அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மருந்தையெல்லாம் வெளியே கொண்டுபோய் ஈர மணலில் கொட்டினேன், மெஷினைச் சம்மட்டியால் அடித்துப் பழைய இரும்பில் போட்டேன். கப்பல் ஒழுங்காக வர ஆரம்பித்துவிட்டது, இனி இது கட்டுப்படியாகாது என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடமும். நீ அதை நம்பி, அப்பா நல்ல தொழில் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டார், நான் எடுத்துச் செய்கிறேன் என்று இப்போது கிளம்பியிருக்கிறாய்.

முராத் பாயை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது நான் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். “ஃபிகர் மத் கரோ, சேட். பந்தூக் புரானா தா.” கவலைப்படாதீர்கள், துப்பாக்கி பழசு. நான் வாங்கிப் போன ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று ஆனதும் கோடவுனில் வேலை போட்டுக் கொடுத்தேன். ஊரெல்லாம் என்னைத் தர்மவான் என்றது. ஐந்து வருஷமாகத் தினமும் காலையில் அவர் எனக்கு சலாம் வைக்கிறார், நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது உன் விஷயம். உன்னிடம் இருப்பது புது மெஷின். அளவுப் பட்டை தானே தலைதட்டி விடும், கைக்கு வேலையே இல்லை. அப்படியிருந்தும் முதல் தோட்டாவில் கூடுதல் எப்படி வந்தது? நான் யோசித்துப் பார்த்தேன். மெஷின் விடும் மருந்து உன் கண்ணுக்குக் குறைச்சலாகத் தெரிகிறது. வரிசை தொடங்கும்போது கரண்டியால் கொஞ்சம் மேலே போடுகிறாய். சரிதானே? ஸ்கூல் லீவில் சாத்தூர்க் கடையில் உன்னைப் படி பிடிக்க வைத்தவன் நான்தான். உன்னைக் குற்றம் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. இனிமேல் செய்வதாக இருந்தால் அந்தக் கரண்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதே. புத்தகத்தில் அந்த மருந்துக்கு என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் அளவு. மருந்து டப்பா மாறினால் பட்டையும் மாற வேண்டும். பழைய பட்டையில் புது மருந்து ஓடாது. மேஜை மேல் எப்போதும் ஒரே ஒரு டப்பாதான் திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூடு. மெஷின் தலையில் இருக்கும் மருந்துப் புட்டியில் விட்டுவைத்தால் மறுநாள் அது எந்த மருந்து என்று நீயே சந்தேகப்படுவாய்.

இன்னொரு பயம் எனக்கு. உன் வீட்டில் யார் வந்தாலும் எழுந்து வந்து உட்காரச் சொல்லி டீ கொடுக்கிற பழக்கம் உனக்கு உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்தால், திரும்பி வந்து எந்தக் கூட்டில் போட்டோம் எதில் போடவில்லை என்று கண்ணை நம்பாதே. தட்டில் இருக்கும் எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. போட்டு முடித்த தட்டை டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பார்த்த பிறகுதான் தக்கையைத் தொட வேண்டும். ஐந்துக்கு ஒன்றை எடுத்து நிறுத்துப் பார், அது வரிசையின் முதலாகவே இருக்கட்டும். கேப்புகளை மருந்துக்குப் பக்கத்தில் வைக்காதே. வெயில் நேரத்தில் கார் டிக்கியில் எதையும் வைக்காதே. முன்னறையில் உன்னோடு தங்கியிருக்கும் இரண்டு பேச்சலர்களும் சிகரெட் பிடிக்கிறவர்கள். அவர்கள் இருக்கும் வரை அந்த வீட்டில் இந்த வேலை கூடாது. சாப்பாட்டு மேஜையில் செட் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். ஈயம் பட்ட கையோடு, ஏழு மாதக் கர்ப்பிணி சாப்பிடுகிற மேஜையிலா? இன்றைக்கே அதைத் தூக்கு. மேஜையைச் சோப்புப் போட்டுத் துடை. மருமகளைத் துடைக்கவிடாதே, நீ துடை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ விட்டுவிட்டால் எனக்கு நிம்மதி. விடமாட்டாய் என்று தெரிந்துதான் இவ்வளவு எழுதினேன்.

சுல்தானிடம் என்ன சொல்வது என்று கேட்பாய். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து தீர்ந்துவிட்டது, இப்படி ஏதாவது சொல்லலாம் என்று உன் புத்தி ஓடும். என் புத்தியும் முதலில் அப்படித்தான் ஓடியது. வேண்டாம். நான் அடைத்ததில் அளவு தப்பிவிட்டது, கடையில் விற்கிற தோட்டாவை வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொல். அவன் முகம் சுளிப்பான், நாலு பேர் முன்னால் கேலி செய்வான். செய்யட்டும். ஒரு நாள் கேலி. அவன் உன்னைவிட இரண்டு வயது சின்னவன், அவனுக்கும் பத்து விரல் இருக்கிறது.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலையில் கடை திறப்பதற்கு முன் கோடவுனுக்குப் போனேன். முராத் பாய் பால் விடாத சுலைமானி டீ போட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் ஓட்டை இந்தியில் சொன்னதால் சுற்றி வளைக்கவும் வழியில்லை: துப்பாக்கியில் தப்பில்லை, மருந்து ஜாஸ்தி, நான் போட்டது, அன்றைக்கே தெரியும். உன்னைப் பற்றியும் வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. டீ முடியும் வரை குடித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக என்னை சேட் என்று கூப்பிடாமல் பேசினார்.

“பையன்கிட்ட எத்தனை இருக்கு?”

இருநூறு என்றேன்.

அவர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோடவுன் சாவியை என் கையில் கொடுத்தார். அல் ஐன் டாக்ஸி எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டார். மன்னித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இந்தக் கடிதத்தை உன்னிடம் தருகிறவர் அவர்தான். இப்போது கடை வாசலில் நிற்கிறார், உன் அம்மா வழிக்குச் சப்பாத்தி கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் வந்ததும் முதலில் சாப்பாடு போடு. பிறகு இருநூறையும் அவர் முன்னால் கொண்டுவந்து வை. கடைசித் தோட்டாவைப் பிரித்துக் கொட்டும் வரை அவர் எழுந்திருக்க மாட்டார். கதவை யார் தட்டினாலும் நீயும் எழுந்திருக்காதே.

அப்பா